ஹாலந்துப் பூசணியும் மாஸ்டரின் வலது கையும்

அக்டோபர் 22, புதன்

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். ஹாலந்து தேசத்திலிருந்து வந்த கேரட் விதையில் பாதியை நான் தின்றுவிட்டேன்.

முழுத் தப்பும் என் மேல் இல்லை. சின்னச் சின்ன உருண்டை, வெளிர் பச்சையும் ரோஸுமாக. ஓட்டலில் பில் கட்டுகிற இடத்தில் கிண்ணத்தில் வைத்திருப்பார்களே சர்க்கரை பூசின சோம்பு, அச்சு அசல் அதேதான். கம்பெனி மேனேஜர் சண்முகவடிவேல் கவரைக் கொடுத்து, "நம்ம ஹாலந்து பையர் மாஸ்டருக்குன்னு அனுப்பியிருக்காருங்" என்று சொன்ன கையோடு போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். கம்பெனியில் பனியன் வாங்குகிறவன் நல்ல மனுசன், இனிப்பு அனுப்பியிருக்கிறான் என்று ஒரு வாய் அள்ளிப் போட்டேன். களிமண் ருசி. அந்த ஊர் இனிப்பு இப்படித்தான் இருக்கும்போல என்று இன்னொரு வாயும் போட்டேன்.

கட்டிலில் சாய்ந்திருந்த மாஸ்டர், எங்கள் வீட்டுக்காரர், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மென்று விழுங்குகிற வரைக்கும் பார்த்தார். அப்புறம் இடது கையால் பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் கேரட் படம்.

"முன்னாலயே காட்டக்கூடாதுங்ளா?" என்றேன்.

அவர் உதட்டின் இடது ஓரம் மேலே போனது. ஆகஸ்டிலிருந்து இந்த வீட்டில் யாரும் பார்க்காத சிரிப்பு. பாதிச் சிரிப்புதான். மீதிப் பாதியை வாதம் வைத்துக்கொண்டிருக்கிறது.

மேனேஜர் வந்து பாக்கெட்டைப் படித்துப் பார்த்து, "வெறும் களிமண் பூச்சுதானுங். மருந்து இல்லைன்னு போட்டிருக்குது. பயப்படாதீங்" என்றார். நான் பயப்படவில்லை. வயிற்றில் கேரட் முளைத்தால் சாம்பாருக்கு ஆச்சு.

இந்த நோட்டு ரெஹானா கொடுத்தது. வாரத்துக்கு மூன்று நாள் வந்து மாஸ்டரின் கையையும் காலையும் மடக்கி நீட்டிவிட்டுப் போகிற பிசியோதெரபிக்காரப் பெண். "கை இன்னைக்கு என்ன செஞ்சுதுன்னு தினமும் ஒரே ஒரு வரி எழுதுங்கக்கா" என்றாள். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. எழுத வரும். ஒரு வரியோடு நிறுத்தத்தான் வராது.

எங்கள் வீட்டுக்காரர் பெயர் மாரப்பன். அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கட்டிங் மாஸ்டர் என்றால் சந்து முழுக்கத் தெரியும். திருப்பூரில் ஒரே பனியன் கம்பெனியில் இருபத்தாறு வருசம் துணி வெட்டினவர். ஆகஸ்டு பதினாலாம் தேதி காலையில் வெட்டுகிற மேசை மேலேயே வலது பக்கமாகச் சாய்ந்துவிட்டார். கால் தேவலை, இடது கையில் கோல் ஊன்றி பாத்ரூம் வரைக்கும் போகிறார். பேச்சு வரும், ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் கிணற்றிலிருந்து இறைக்க வேண்டியிருப்பதால் இறைப்பதையே விட்டுவிட்டார். வலது கைதான், யாரோ கழற்றித் திரும்ப மாட்டின மாதிரி தொங்குகிறது. ஆறு மாதத்துக்குள் திரும்புகிறதுதான் பெரும்பாலும் திரும்பும், அப்புறம் கஷ்டம் என்று ரெஹானா கேட்டுக்கு வெளியே வைத்து என்னிடம் மட்டும் சொன்னாள். விரல் விட்டு எண்ணினால் பிப்ரவரி பதினாலு.

கை: ஒன்றும் செய்யவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

கவரில் இன்னும் என்னென்ன இருந்தது என்று எழுதவில்லை. தக்காளி விதை ஒரு பாக்கெட். தனியாக ஒரு காகிதப் பொட்டலத்தில் மூன்றே மூன்று பூசணி விதை. ஒவ்வொன்றும் என் கட்டை விரல் நகத்தைப்போல ஒன்றரை மடங்கு. கூட ஒரு போட்டோ. ஹாலந்துப் பையர் ஒரு பூசணிக்காய் மேல் சாய்ந்து நிற்கிறார். காய் அவர் இடுப்பு உயரம் இருக்கிறது. அவர் குள்ளமா என்று மாஸ்டரைக் கேட்டேன். இடது கையை வாசல் நிலை உயரத்துக்குத் தூக்கிக் காட்டினார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. எனக்கு வாய் அடைப்பது அபூர்வம்.

எப்படி வளர்க்க வேண்டும் என்று ஒரு தாளும் இருந்தது. எழுத்தெல்லாம் அந்த ஊர் பாசை. எழுத்துக்கு நடுவில் பென்சில் படங்கள். நான் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். இருபத்தாறு வருசம் அந்த ஊர்க்காரன் ஸ்பெக் சீட்டில் வரைந்து அனுப்பின படத்தைப் பார்த்துத்தான் துணி வெட்டினார், பாசையைப் படித்து இல்லை. முதல் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு விரலில் முதல் கணுவைத் தொட்டுக் காட்டினார். அவ்வளவு ஆழம். கூர்முனை கீழே.

பாத்ரூம் சுவரை ஒட்டி ஒரு கட்டில் அகலத்துக்கு மண் தரை இருக்கிறது. அதில் பூசணியை ஊன்றி, ஓரத்தில் மிச்சக் கேரட் விதையைத் தூவினேன். தாளை அவர் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார்.

"பூசணிக்கு ஸ்பெக் சீட்டுங்ளா மாஸ்டர்? டெலிவரி எப்ப?" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

அக்டோபர் 31, வெள்ளி

ஆறு நாள் மழை. இன்று காலையில் குடையோடு போய்ப் பார்த்தால் மண்ணைப் பிளந்துகொண்டு ஒன்று நிற்கிறது. விதையின் ஓட்டைக் குல்லா மாதிரி தலையில் மாட்டிக்கொண்டு, ஹாலந்திலிருந்து குளிருக்குப் போட்டு வந்த குல்லாவைக் கழற்ற மனசில்லாமல். நான் சேற்றில் குந்தி உட்கார்ந்து எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. கடல் தாண்டி, ஆகாயத்தில் பறந்து, பொட்டலத்தில் இருட்டில் கிடந்து வந்த ஒரு நகத் துண்டு. எது மேலே எது கீழே என்று அதற்கு யார் சொன்னது? எங்கள் சந்துக்கு வருகிற கூரியர்க்காரனுக்கே நாலு தடவை வழி சொல்ல வேண்டும்.

மற்ற இரண்டையும் நத்தை தின்றுவிட்டது. ஒன்றுதான் இனி.

கை: ஒன்றுமில்லை.

நவம்பர் 3, திங்கள்

கை: ஒன்றுமில்லை.

நவம்பர் 12, புதன்

கட்டை விரல் அசைந்தது. ரெஹானா பார்த்தாள், நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். மூன்று பேரும் ஒரு கட்டை விரலைச் சுற்றி மூச்சு விடாமல் நின்றோம். "இன்னொரு தடவைங்கண்ணா" என்றாள். வரவில்லை. "லைக் போட்டுட்டாரு, அது போதும்" என்றேன். ரெஹானா சிரித்தாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொடி சுவரில் ஏற ஆரம்பித்துவிட்டது. சுருள் சுருளாக நூல் மாதிரி ஒரு கை விடுகிறது. காலையில் காற்றில் துழாவிக்கொண்டிருந்தது. மத்தியானம் போய்ப் பார்த்தால் பாத்ரூம் ஜன்னல் கம்பியை ஏழு சுற்று சுற்றிப் பிடித்திருக்கிறது. கண் கிடையாது, காது கிடையாது. கம்பி அங்கே இருக்கிறதென்று எப்படித் தெரிந்தது? பிடித்துப் பார்த்தேன். விடமாட்டேன் என்கிறது.

 பாத்திரம் கிடந்தது. தேய்த்தேன்.

நவம்பர் 26, புதன்

இலை ஒவ்வொன்றும் முறம். பொய் இல்லை, முறத்தை எடுத்துக்கொண்டு போய் வைத்துப் பார்த்தேன். முறம்தான் சின்னது. கொடி பாத்ரூமின் சிமெண்டு ஷீட் கூரை மேல் ஏறிப் படர்ந்துவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு முழம். உற்றுப் பார்த்தால் வளர்வது தெரியுமோ என்று ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்தேன். சோறு அடி பிடித்ததுதான் மிச்சம்.

பின்கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு மாஸ்டரைக் காலையில் அங்கேதான் உட்கார வைக்கிறேன். டீ டம்ளர் ஆறுகிற வரை கொடியையே பார்க்கிறார்.

டிசம்பர் 11, வியாழன்

முதல் பூ. கோயிலில் கட்டின குழாய் ஸ்பீக்கர் அளவு, மஞ்சள். உள்ளே குனிந்து பார்த்தால் முகம் முழுக்கப் போகிறது. வெளியே எடுத்தபோது மூக்கெல்லாம் மஞ்சள் தூள். அப்படியே போய் மாஸ்டர் முன்னால் நின்றேன். "எப்படிங் இருக்குது பவுடர்?"

வலது கை ஆள்காட்டி விரல் அரை அங்குலம் மேலே வந்து என் மூக்கைக் காட்டியது. பொய் சொல்லவில்லை. அரை அங்குலம். முழுசாக அரை அங்குலம்.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி ஒன்று. விடியுமுன் எழுந்து வாசல் தெளித்து, பதினைந்து புள்ளிக் கோலம். நடுவில் சாணி உருண்டை பிடித்து ஹாலந்துப் பூவைச் செருகினேன். மூன்று பூ பூத்திருந்தது, மூன்றையும் வைத்தேன். எதிர்வீட்டு அமராவதியக்கா வருசா வருசம் எங்கிருந்தோ நாலு பூசணிப் பூ வாங்கி வந்து, வெள்ளித் தட்டு மாதிரி அலட்டுவாள். கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏ தெய்வா, இது என்ன பூ புள்ள?"

"பூசணிங்க்கா. எங்க மாஸ்டருக்கு ஹாலந்துல இருந்து வந்துது."

"பூசணியா இது? ஒரு பூவுக்குள்ள ஒரு படி அரிசி கொட்டலாமாட்ட இருக்குது."

"கொட்டுங்க்கா, அரிசி உங்களுதா இருந்தாச் சரி."

என் பெயர் தெய்வாத்தாள் என்பதை எங்கேயும் எழுதவில்லை போல. எழுதியாச்சு.

டிசம்பர் 19, வெள்ளி

நாலு பூ. பக்கத்துச் சந்திலிருந்து ரெண்டு பெண்கள் கோலம் பார்க்க வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். நான் புடவை மாற்றிக்கொண்டு திரும்ப வந்து இன்னொரு போட்டோ எடுக்கச் சொன்னேன்.

பின்பக்கம் பிஞ்சோடு வருகிற பூ ஒன்றும் இன்று திறந்திருந்தது. எலுமிச்சம்பழம் அளவு உருண்டை, அதன் தலையில் பூ. அதை நான் தொடவில்லை. காய்க்கிற பூவைப் பறிக்க நான் என்ன பைத்தியமா. வெறும் காம்போடு நிற்கிற பூவாகப் பார்த்துப் பார்த்துத்தான் பறிக்கிறேன்.

மாஸ்டர் நாற்காலியிலிருந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் போட்டோவைக் காட்டப் போனில் தேடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்ப்பதற்குள் வாயை மூடிக்கொண்டிருந்தார். போட்டோவைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். வெகு நேரம்.

டிசம்பர் 23, செவ்வாய்

பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கி விழுந்துவிட்டது.

டிசம்பர் 28, ஞாயிறு

இன்னொன்றும் விழுந்தது. அமராவதியக்காவின் கண்ணேதான். மாஸ்டரின் பழைய செருப்பு ஒன்றைக் கயிற்றில் கட்டி பாத்ரூம் கூரையில் தொங்கவிட்டேன்.

"உங்க செருப்புதானுங் நமக்குக் காவல். நீங்க வேணும்னா இன்னொண்ணைப் போட்டுட்டு நடந்து போய் அந்தக்காவைக் கேளுங்" என்றேன்.

நடந்து போகவில்லை.

ஜனவரி 2, வெள்ளி

நான் தின்றது போக மிச்சம் முளைத்த கேரட்டைப் பிடுங்கினேன். கேரட் ஊதா. உள்ளே வெட்டினால் நடுவில் மஞ்சள் வட்டம், அதைச் சுற்றி ஊதாக் கதிர். கறிவேப்பிலைக் கையோடு அப்படியே நின்றேன். மண்ணுக்குள் இருட்டில் யாருக்காக இவ்வளவு வேலைப்பாடு? சாம்பார் திருவிழாச் சாயத் தண்ணி மாதிரி ஆகிவிட்டது. மாஸ்டர் முகர்ந்து பார்த்தார். ரெண்டு கரண்டி அதிகம் ஊற்றிக்கொண்டார்.

மூன்றாவது பிஞ்சும் விழுந்தது.

ஜனவரி 5, திங்கள்

மேனேஜர் போன் செய்தார். சுற்றி வளைத்துப் பேசினார். வருசம் பிறந்ததும் மாஸ்டர் மேசைக்கு வேற ஆள் போட்டிருக்கிறார்களாம். "ஆர்டர் நிக்குதுங்க்கா, வேற வழியில்லீங். மாஸ்டர் எப்ப வந்தாலும் அவருக்கு எடம் இருக்குதுங்." நல்ல மனிதர்தான். ஸ்பீக்கரில் போட்டிருக்கக் கூடாது நான்.

ஜனவரி 6, செவ்வாய்

ரெஹானா வந்தாள். கையைத் தரவில்லை. போர்வைக்குள் வைத்துக்கொண்டார். அரை மணி நேரம் கட்டிலோரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். போகும்போது, "இன்னும் ஒரு மாசந்தாங்கக்கா இருக்குது. இந்த நேரத்துல விடக்கூடாது" என்றாள்.

"நான் பார்த்துக்கிறேன் கண்ணு" என்றேன். என்ன பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே போய் நாலு வேடிக்கைப் பேச்சுப் பேசினேன். ஐந்தாவது வரவில்லை.

ஜனவரி 8, வியாழன்

கொடியில் முக்கால் வாசி இலை வெள்ளை பூத்துவிட்டது, முகத்துக்குப் பவுடர் போட்ட மாதிரி. கூரை விளிம்பில் தொங்குகிற நுனி மட்டும்தான் பச்சை. அதில் பிஞ்சோடு ஒரே ஒரு மொட்டு இருக்கிறது. அதற்குப் பின்னால் வேறு பிஞ்சு எதுவும் இல்லை, கையால் தடவிப் பார்த்துவிட்டேன். காம்புப் பூ மொட்டும் ஒன்றுதான்.

மாஸ்டர் இன்றும் கையைத் தரவில்லை. நாற்காலிக்கு மட்டும் வந்தார்.

ஜனவரி 9, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

காலையில் காம்புப் பூ ஒன்று பூத்திருந்தது. ஒன்றே ஒன்று. பறித்துக் கோலத்தில் சாணியில் செருகிவிட்டு, மாஸ்டரை நாற்காலியில் உட்கார வைத்து டீ கொடுத்துவிட்டு, குழாயடியில் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தேன். கொடிக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தேன். வெயில் கூரை விளிம்புக்கு வந்திருக்கும்.

கோல் ஊன்றுகிற சத்தம் கேட்டது. பாத்ரூமுக்கு வருகிறார் என்று நினைத்துத் தண்ணீர் வாளியை நகர்த்தினேன். சத்தம் இந்தப் பக்கம் வரவில்லை, தள்ளிப் போனது. வீட்டுக்குள் போய், முன்னறை தாண்டிப் போனது. வாசலில் ரெண்டு படி இருக்கிறது. ஆகஸ்டிலிருந்து அந்தப் படியை அவர் தனியாக இறங்கினதில்லை.

கையைக்கூடத் துடைக்காமல் ஓடினேன். முன்கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டேன். ஏன் நின்றேன் என்று தெரியாது.

படி இறங்கி, கோலத்தின் மேல் நின்றுகொண்டிருந்தார். இடது கை கேட்டைப் பிடித்திருந்தது. கோல் கேட்டில் சாத்தியிருந்தது. இடது கையை எடுத்தால் விழுவார். அப்படியே குனிந்தார். வலது கை தோளிலிருந்து தொங்கி, பூவுக்கு மேலே ஆடியது. விரல்கள் மூடியே இருந்தன. மூடின விரலால் பூவைத் தட்டினார். பூ சாய்ந்தது. திரும்பத் தட்டினார். நான் சோப்பு நுரைக் கையோடு நின்றேன். மூன்றாவது தடவை விரல் திறந்தது. கட்டை விரல் ஒரு பக்கம், மற்றது ஒரு பக்கம். சாணியோடு சேர்த்துக் காம்பைப் பிடித்தது. மூடியது. பூ மேலே வந்தது.

அப்புறம் கோலை இடது கையில் எடுத்துக்கொண்டார். பூ வலது கையில்தான் இருந்தாக வேண்டும், வேறு கை இல்லை. ரெண்டு படி ஏறினார். என்னைத் தாண்டிப் போனார், நான் அங்கே இல்லாதது மாதிரி. முன்னறை, சமையல் கட்டு, பின்கதவு. பூ கீழே விழவில்லை. பூ எப்போது விழும் எப்போது விழும் என்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பூ விழவில்லை.

பாத்ரூம் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, இடது கையால் பூவின் மஞ்சள் இதழ்களைப் பிய்த்துக் கீழே போட்டார். உள்ளே மஞ்சள் தூள் அப்பின குச்சி மட்டும் மிஞ்சியது. பிஞ்சுப் பூ கூரை விளிம்பில் முழுசாகத் திறந்திருந்தது, அவர் நெஞ்சுக்கு மேலே. வலது முழங்கையை இடது கையால் தாங்கி உயர்த்தினார். குச்சியைப் பிஞ்சுப் பூவுக்குள் விட்டார். தொட்டார். சுற்றித் தொட்டார், பொட்டு வைக்கிற மாதிரி. துணி வெட்டுமுன் சாக்பீசால் ஒரு கோடு இழுப்பார், அந்த முகத்தோடு.  

முடித்ததும் தலையணைக்கடியிலிருந்து எப்போது எடுத்தாரோ, சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். அஞ்சாவது படம். ஒரு கை, இதழ் பிய்த்த பூ, இன்னொரு பூ. அதில் ஒன்றின் பின்னால் பிஞ்சு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெறும் காம்புப் பூ ஆண் பூ. அது தொட்டால்தான் பிஞ்சு நிற்கும். வண்டு இருந்தால் வண்டு செய்யும், எங்கள் சந்தில் சாயத் தண்ணி நாற்றத்துக்கு வண்டு எங்கே வருகிறது. ஒரே செடி. அதன் ஆண் பூ அத்தனையையும் மார்கழி முழுக்க விடியுமுன் பறித்து வாசலில் வைத்து நான்தான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். அமராவதியக்கா கண்ணும் இல்லை, ஒருத்தர் கண்ணும் இல்லை.

நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இதை எழுதி வைத்துக்கொள்கிறேன், பின்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஜனவரி 10, சனி

கோலத்தில் பூ இல்லை. அமராவதியக்கா கேட்டாள்: "என்ன தெய்வா, வாசல் மொட்டையாக் கெடக்குது?"

"மாஸ்டர் கட்டிங்குக்கு எடுத்துட்டாருங்க்கா."

உள்ளே வந்து அவரைக் கேட்டேன். "படம் ஒங்களுக்கு அக்டோபர்லயே தெரியும். மூணு பிஞ்சு விழுந்துச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்ளே?"

 ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.

"பூ வெச்சுட்டு… உள்ள வருவே. சிரிச்சுட்டு வருவே." நிறுத்தினார்.  "சும்மா… எனக்காகச் சிரிக்கிறது… வேற. அது… நெசச் சிரிப்பு."

அடுப்பில் பால் வைத்திருந்தேன். போய்ப் பார்த்தேன். பொங்கவில்லை. 

ஜனவரி 12, திங்கள்

ரெஹானாவிடம் கையைத் தானாகவே நீட்டினார். பூ எடுத்ததைச் சொன்னேன். அவள் நம்பாமல் ஒரு குண்டூசி டப்பாவை எதிரே வைத்தாள். எடுக்க வரவில்லை. "சாணியில குத்தி வெச்சாத்தான் எடுப்பாரு" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். அவருடையதில் வலது ஓரமும் கொஞ்சம் கலந்திருந்தது.

பிஞ்சு விழவில்லை. முட்டை அளவு.

ஜனவரி 14, புதன்

காப்புக் கட்டு, நாளைக்குப் பொங்கல். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்து வாசலுக்கு ஒன்று, பின்கதவுக்கு ஒன்று, பாத்ரூம் கூரைக்கு ஒன்று. பாத்ரூமுக்குக் காப்புக் கட்டின வீடு எங்கள் சந்தில் இது ஒன்றுதான். கட்டுவதற்கு நூலின் ஒரு நுனியை வலது கையால் பிடித்துக்கொண்டார். நான் முடிச்சுப் போட்டேன்.

ஜனவரி 19, திங்கள்

காய் தேங்காய் அளவு. இஞ்சு டேப்பால் அளக்கிற வேலை மாஸ்டருடையது. இந்த வேலைக்கு ரெண்டு கையும் வேண்டும். அதனால்தான் அவரிடம் கொடுத்தேன். அதை அவரும் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 24, சனி

சுற்றளவு ஐம்பது சென்டி. மாஸ்டர் கணக்கில் சொன்னால், ஒரு வயசுக் குழந்தை பனியன் சைஸ்.

ஜனவரி 29, வியாழன்

அறுபத்தைந்து. பள்ளிக்கூடம் போகிற சைஸ். அஞ்சு நாளில் குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போய்விட்டது. தோல் மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு மாறுகிறது. காதை வைத்துக் கேட்டேன். உள்ளே சத்தம் ஒன்றும் இல்லை. இவ்வளவு வேலையையும் சத்தமில்லாமல் செய்கிறது. இந்த வீட்டில் இன்னொருத்தரும் அப்படித்தான்.

பிப்ரவரி 4, புதன்

எண்பது. அமராவதியக்கா வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"காயை வெட்டறப்ப எனக்கு ஒரு கீத்து."

"வெட்டறது மாஸ்டருங்க்கா. அவரைக் கேளுங்."

"ஏனுங் மாஸ்டர், தருவீங்ளா?"

"வெட்டி… எக்ஸ்போர்ட்தான்" என்றார் மாஸ்டர். ஆகஸ்டுக்கு அப்புறம் அவர் சொன்ன முதல் தமாஷ். அமராவதியக்காவுக்குப் புரியவில்லை. நான் பின்கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணி வருகிற வரைக்கும்.

பிப்ரவரி 11, புதன்

தொண்ணூறு. மாஸ்டருடைய சைஸ். அவர் பனியனைக் காய்க்குப் போட்டால் சரியாக இருக்கும். கூரை விளிம்பிலிருந்து அந்தரத்தில் தொங்குகிறது. காம்பு என் பெருவிரல் பருமன்தான். எப்படித் தாங்குகிறது என்று பார்க்கப் பார்க்க உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் ரெண்டு நாளாகக் காம்பு இழுபடுகிறது. கீழே ஒரு தூளி கட்டித் தாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். நான் தேங்காய் நார்க் கயிறு கேட்டு அமராவதியக்கா வீட்டுக்குப் போனேன். போன இடத்தில் கொஞ்சம் பேச்சு வளர்ந்துவிட்டது. முக்கால் மணி நேரம்.

திரும்பி வந்தபோது மாஸ்டர் தரையில் உட்கார்ந்திருந்தார். துணி விரித்து, ஓரத்தை இடது முழங்காலால் அழுத்திக்கொண்டு, என் கத்தரிக்கோலை வலது கையில் பிடித்து வெட்டிக்கொண்டிருந்தார். மெதுவாக. ஒரு வெட்டு, ஒரு மூச்சு. சாக்பீஸ் கோடு கிடையாது. கடைசி நூல் வரைக்கும் வெட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். நான் குனிந்து பார்த்தேன். ரெண்டு மீட்டர் துண்டு, வெட்டின ஓரம் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக இருந்தது. ரெஹானாவுக்குப் போன் செய்தேன். 

தூளி கட்டியாகிவிட்டது. காய் சுகமாக உட்கார்ந்திருக்கிறது.

துணி, எங்கள் பெண் ஈரோட்டிலிருந்து பொங்கலுக்கு எடுத்துக் கொடுத்த மாம்பழக் கலர் பட்டுச் சேலை. ஒரு தடவை உடுத்தியிருக்கிறேன். முந்தானை காய்க்கு அடியில் வந்திருக்கிறது. மீதி மூன்றரை மீட்டரை மடித்து பீரோவில் வைத்துவிட்டேன்.